இடது பக்கம் சாயும் கீறல்கள்

நான்காம் ஆண்டு, மழைத் தபால்

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் மூன்று பேரும் நடமாடிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கிறோம். இதையே நலம் என்று எடுத்துக்கொள்.

உன் கடிதமும், நீ வருஷத்துக்கு ஒன்றாக அனுப்பும் பூட்டும், பேரரசின் வாசல் இந்த மழைத் தபாலுக்குத் திறந்த இரண்டாம் நாளே கைக்கு வந்துவிட்டன. என்னைக் கட்டிய உன் மாமா வாசலையொட்டிய சரக்குக் கொட்டகையில் எடை போடுகிறவராக இருப்பதில் நமக்கு உள்ள ஒரே வசதி இதுதான். மற்ற வீடுகளுக்கு ஆறு நாள் ஆகிறது. கடிதம் வழக்கம்போல வாசல் எழுத்தரின் கையெழுத்தில் இருந்தது. உள்ளே எழுதிய தாள் வெளியே வரக்கூடாது என்று எல்லாவற்றையும் நகல் எடுத்துத்தானே அனுப்புகிறார்கள். கோழி கிளறினாற்போன்ற உன் எழுத்தைப் பார்த்து மூன்றரை வருஷம் ஆகிறது. அதற்காக ஏங்குவேன் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அம்மாவுக்கு இடது கண்ணில் பார்வை அநேகமாகப் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. வேலையை மட்டும் விடவில்லை. பட்டறை ஜன்னலுக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்து, சாவிகளை விரலால் தடவியே பிரித்துவைக்கிறாள். நான் கண்ணால் பார்த்துப் பிரிப்பதைவிட வேகம். பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது பூட்டுக்கு வேலை வந்திருக்கிறது. மேசையின் இடது முனையில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் உன் வைஸ் அப்படியே இருக்கிறது. அதில் யாரும் கை வைப்பதில்லை. உன் மாமா மட்டும் குடையை மாட்டிவைக்கிறார்.

மாமாவுக்கு உங்கள் பக்கத்துச் சரக்கோடு தீராத வழக்கு. காலையில் ஒரு எடை, மாலையில் ஒரு எடை காட்டுகிறதாம். அதே மூட்டை, அதே தராசு. மேலதிகாரியிடம் சொன்னால், "கிழக்கத்திச் சரக்கு அப்படித்தான்யா இருக்கும், ரெண்டையும் எழுதிட்டுப் போ" என்கிறாராம். இவர் ரெண்டையும் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் எரிந்து விழுகிறார்.

இரண்டாம் வருஷம் நீ எழுதிய மணிக் கதையை அம்மா இன்னும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாயங்காலமானால் தலைக்கு ஒரு அடி என்று மணி அடித்து எல்லோரையும் எண்ணுவார்கள், ஏழாயிரம் வரை எண்ணிவிட்டுத் தூங்கிப்போனேன் என்று எழுதியிருந்தாயே, அது. கடைசி அடியைக் கேட்டவர் உண்டா என்று பால்காரர் கேட்டார். எழுதிக் கேட்கச் சொன்னார், எழுதிவிட்டேன். அரசரைப் பற்றியும் எண்ணிக்கையைப் பற்றியும் எழுதினால் உன் பக்கத்தில் வெட்டிவிடுவார்களோ என்னவோ. முடிந்தால் பதில் சொல்.

இனி உன்னைப் பற்றி. நீ கொஞ்ச நாளாக நல்லவனாகிவிட்டாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. முதல் மூன்று வருஷம் உன் கடிதத்தில் என்ன இருந்தது? சாப்பாட்டில் உப்பு இல்லை, செருப்பு கடிக்கிறது, உப்பு அனுப்பு, செருப்பு அனுப்பு. நான் கேட்ட கேள்வி ஒன்றுக்கும் பதில் இருக்காது. இந்தக் கடிதத்தில் என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். முதல் வருஷம் நான் எழுதிய கிணற்றுக் கயிற்றுச் சண்டை எப்படி முடிந்தது என்றும் கேட்டிருக்கிறாய். அப்படி ஒரு சண்டை நடந்தது எனக்கே மறந்துபோய்விட்டது. பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்தாயா? நீயா?

பூட்டு நன்றாக இருக்கிறது. ஐந்து லீவர், ஒட்டாமல் திரும்புகிறது. ஆனால் பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். அரம் போட்ட கீறலெல்லாம் வலது பக்கம் சாய்ந்திருக்கின்றன. இடது கையால் ராவினால் அப்படி விழாதே. கையில் ஏதாவது அடி பட்டதா? மறைக்காமல் எழுது. அம்மாவிடம் சொல்லமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உப்பு இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


ஐந்தாம் ஆண்டு, வெயில் தபால்

பெயர் தெரியாத உங்களுக்கு,

நான் பூட்டுப் பட்டறைக்காரி. நீங்கள் யாருடைய பெயரில் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்களோ, அவனுடைய அக்கா. எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

கையில் அடியா என்று கேட்டிருந்தேன். "அடி ஒன்றுமில்லை, என் வலது கை எப்போதும்போல் உறுதியாக இருக்கிறது" என்று நீங்கள் பதில் எழுதியிருந்தீர்கள். என் தம்பி பிறவியிலேயே இடதுகைக்காரன். தெருவில் அவனுக்கு நொட்டாங்கை என்றுதான் பெயர். வலது கையால் அவன் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடித்ததில்லை. நீங்கள் எழுதிய அந்த வரியைப் பட்டறையில் நின்றுகொண்டு படித்தேன். பிறகு உங்கள் பூட்டை எடுத்து மறுபடி பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன்.

அதற்குள் என் கணவர் ஒரு வேலை செய்தார். உங்கள் பக்கத்து மூட்டைக்காரர்கள் எங்கள் ஆட்களோடு பேசமாட்டார்கள். ஒருவர் மட்டும் டீ குடிக்க வருவார். அவரிடம் என் கணவர், உங்க ஊர்ல ஒரு வேலைக்காரர் நடுவுல போயிட்டா வீட்டுக்கு யார் தகவல் சொல்லுவாங்க என்று கேட்டிருக்கிறார். அவருக்குக் கேள்வியே புரியவில்லையாம். "எதுக்குச் சொல்லணும்? அன்னைக்குச் சாயங்காலம் மணி அடிக்கறதுக்குள்ள அடுத்த ஆள் உக்காந்துடுவாரு. எண்ணிக்கை குறையாது" என்றாராம். பெயர், கட்டில், வேலை எல்லாம் அந்த ஆளுக்கே சேருமாம். கடிதம் என்று என் கணவர் இழுத்ததும், "கடுதாசி எழுதறதும் அந்த இடத்து வேலைதானே" என்றாராம்.

பேரரசு தொடங்கிய நாளில் எத்தனை பேரோ இன்றும் அத்தனை பேர்தான் என்றும் சொல்லியிருக்கிறார். உங்கள் பக்கம் பிறக்கும் குழந்தைக்கு ஓர் இடம் காலியாகும்வரை பெயர் கிடையாதாம். நீண்ட கூடம் ஒன்றில் காத்திருப்பார்களாம். சிலர் அங்கேயே நரைத்துப்போவார்களாம். நீங்கள் அந்தக் கூடத்திலிருந்து வந்தவர் என்று நினைக்கிறேன். என் தம்பியின் இடம்தான் உங்களுக்குக் கிடைத்த முதல் இடமாக இருக்கலாம்.

எனவே கேட்கிறேன். என் தம்பி எப்போது இறந்தான்? காய்ச்சலா, விபத்தா? பக்கத்தில் யாராவது இருந்தார்களா? அவனை எங்கே வைத்திருக்கிறார்கள்? நீங்கள் அவனை ஒரு தடவையாவது பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேரரசு வேலைக்கு ஒன்பது வருஷத்துக்குப் பட்டறையிலிருந்து ஒரு ஆள் என்றுதான் உத்தரவு வந்தது. யார் என்று அதில் இல்லை. எங்கள் இருவரில் வேலை நன்றாகத் தெரிந்தவள் நான். எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. நான் இரும்பு வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவன் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். என்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம் என்று சண்டை போட்டேன். "உன் கையெழுத்தைவிட என்னுது மோசம், அவங்களால படிக்க முடியாது, அதனால என்னைக் கூப்பிட மாட்டாங்க" என்றான். கூப்பிட்டார்கள்.

முதல் ஒரு வாரம் உங்கள் மேல் கோபமாக இருந்தது. அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவனுக்கு நான் எழுதிய கடிதங்களைப் படித்துக்கொண்டு, அவன் உப்பைத் தின்றுகொண்டு இருக்கிறீர்களே என்று. ஆனால் முழங்காலுக்குச் சூடான மணலைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுங்கள் என்று நீங்கள் எழுதியதைச் செய்து பார்த்தேன். வலி குறைந்துவிட்டது. வலி குறைந்த பிறகு முன்போலக் கோபப்பட முடியவில்லை.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. கடிதத்தை நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். கை பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

பதில் எழுதுங்கள். உங்களுக்கென்று ஒரு பெயர் எப்போதாவது இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

அவனுடைய அக்கா


ஒன்பதாம் ஆண்டு, வெயில் தபால்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன, காது கூர்மையாகிவிட்டது. பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டினால் இவள் இங்கிருந்து விறகு ஈரம் என்கிறாள். மாமாவுக்குத் தராசு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புதுத் தராசிலும் உங்கள் சரக்கு இரண்டு எடை காட்டுகிறது. அதில் அவருக்கு ஒரு நிம்மதி. தப்பு தன் மேல் இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

நான்கு வருஷத்துக்கு முன் நான் எழுதிய ஒரு கடிதம் உனக்கு வந்திருக்காது. அது அந்த வாரமே எனக்குத் திரும்பிவிட்டது. வாசலில் பிரித்துப் படித்திருக்கிறார்கள். படித்துவிட்டு, நான் ஒட்டியதைவிட நேர்த்தியாக ஒட்டி, உறைமேல் ஒரு முத்திரை குத்தியிருந்தார்கள். "நடக்காத செய்தி." அவ்வளவுதான். அப்படிப்பட்ட செய்தியை அந்தப் பக்கம் எடுத்துச் செல்வதில்லை என்று மாமா விசாரித்துச் சொன்னார். படிக்கிறவர்கள் உங்கள் பக்கத்து ஆட்கள், அந்த ஒரு செய்தி இல்லாத தாளை அவர்கள் நிறுத்துவதில்லையாம், நம் அலுவலகத்துக்குக் காட்டுவதும் இல்லையாம். அதில் எழுதியதை மறுபடி எழுதப் போவதில்லை. அந்தக் கடிதம் பட்டறை இழுப்பறையில் இருக்கிறது. ஒருநாள் நீ வந்து படிக்கலாம்.

அதற்குப் பின் ஏழு கடிதம் எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு கடமைக்கு எழுதியவை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "என்ன எழுதினே, படி" என்பாள் என்பதால் எழுதினேன். மூன்றாவதில் என்னை அறியாமல் உன் பல்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். "கூடத்தில் இருந்த காலத்திலும் சரி, அதற்குப் பிறகும் சரி, என் பல்லைப் பற்றி யாரும் கேட்டதில்லை" என்று நீ பதில் எழுதினாய். அதை மூன்று தடவை படித்தேன். அம்மா, "ஏன் நிறுத்திட்டே, தாள் முடிஞ்சுபோச்சா" என்றாள்.

இப்போது முக்கியமான விஷயம். அடுத்த வெயில் காலத்தோடு உன் ஒன்பது வருஷம் முடிகிறது. அதன்பின் உன் இடம் வேறு ஊரிலிருந்து வரும் ஆளுக்குப் போகும். நீ வெளியே வரலாம். உன் பக்கத்தில் தடை இருக்காது. அவர்களுக்கு அந்த இடத்தில் இருப்பவன்தான் அந்த ஆள். சிக்கல் எங்கள் பக்கத்தில் இருக்கிறது.

போன வாசலின்போது சாயக்கார வீட்டு ஆள் வெளியே வந்தார். மாமா பத்தடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். நம் அலுவலக எழுத்தர் பழைய பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, மனைவியை முன்னால் கூப்பிட்டு, "இவர்தானா பாரும்மா" என்று கேட்டார். அந்தம்மா கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு, "இவர் இல்லை" என்றார். வந்தவர் கையிலிருந்த மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு, அந்தம்மாவைப் பார்த்துத் தலையைக் குனிந்துவிட்டு, திறந்திருந்த வாசல் வழியாகத் திரும்ப உள்ளே போய்விட்டார். மூட்டையில் அந்தம்மா ஒன்பது வருஷமாக எழுதிய கடிதங்கள் இருந்தனவாம். அந்தம்மா இப்போது கடையைத் திறப்பதில்லை. மாமா அன்றைக்கு வீட்டுக்கு வந்து எடையைப் பற்றிப் பேசவே இல்லை.

திரும்பிப் போனவர்கள் எந்தக் கூடத்துக்குப் போவார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று மாமாவை விட்டுப் பார்க்கச் சொன்னேன். நீ கையெழுத்துப் போட்ட அன்று அடையாளம் மூன்று எழுத வேண்டும் என்று படிவத்தில் இடம் இருக்கிறது. எழுத்தருக்குச் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது. ஒன்றுதான் எழுதியிருக்கிறார்: "இடதுகைப் பழக்கம்." மச்சம், தழும்பு, உயரம் ஒன்றும் இல்லை. சோம்பேறிகளால் உலகத்துக்குக் கேடு என்று சொல்லிக்கொண்டிருந்த உன் மாமா, அன்றைக்கு அந்த எழுத்தருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வருகிறவர் கையில் அவர் தொழில் கருவியைக் கொடுத்து வேலை செய்யச் சொல்வது நம் அலுவலகத்து வழக்கம். உனக்கு ஓர் அரமும் ஒரு சாவித் துண்டும் கொடுப்பார்கள். ஒன்பது வருஷத்தில் உனக்கு வலது கைப் பழக்கம் வந்துவிட்டது. அங்கே எல்லோரும் வலது கையால் செய்கிறார்கள் போலிருக்கிறது, நீயும் மாறிவிட்டாய். பழையபடி இடது கைக்கு மாறிக்கொள். ஒரு வருஷம் இருக்கிறது.

சொல்கிறேன், கவனமாகப் படி. வைஸை மேசையின் இடது முனைக்கு மாற்று. வலது கால் முன்னால், இடது கால் பின்னால். அரத்தின் பிடி இடது கையில், வலது கை நுனியில், அழுத்தாமல். தள்ளும்போது மட்டும் எடை கொடு, இழுக்கும்போது தூக்கிவிடு. முதல் பதினைந்து நாள் தோள் வலிக்கும். அரம் நடுவில் ஆடும், இரும்பு முதுகு வளைந்ததுபோல ஆகிவிடும். அதற்குப் பயப்படாதே. இரண்டாம் மாதம் மணிக்கட்டு நேராகும். கீறல் இடது பக்கம் சாய்ந்தால் சரியாகச் செய்கிறாய் என்று அர்த்தம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. நானும் இரண்டரை மாதமாக உன் வைஸில், உன் மாமாவின் குடையை எடுத்துவிட்டு, இடது கையால் ராவிக்கொண்டிருக்கிறேன். பதினொரு சாவி வீணாகிவிட்டது. மாமா, "இந்த வயசுல புதுசா என்ன வியாதி" என்கிறார். அம்மா முக்காலியிலிருந்து, "அரத்துச் சத்தம் மாறியிருக்கே" என்றாள். கை வலி என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் சாவியைத் தடவிப் பிரிப்பதைத் தொடர்ந்தாள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. வாசலில் நான் "இவன்தான்" என்று சொன்னால் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதன்பின் அந்தப் பெயரில் யாரையும் தேட முடியாது, எதையும் விசாரிக்க முடியாது. அந்தத் தாளை மாமா ஒரு நகல் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வரிதான். கையெழுத்துப் போடுவேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. ஆனால் நீ பழகிக்கொள். நான் முடிவு செய்த பிறகு பழகத் தொடங்கினால் நாள் போதாது.

மழைத் தபாலில் எப்போதும்போல ஒரு பூட்டு அனுப்பு. அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

அக்கா


ஒன்பதாம் ஆண்டு, மழைத் தபால்

அன்புத் தம்பிக்கு,

உன் பூட்டு நேற்றுச் சாயங்காலம் வந்தது. மாமா பையிலிருந்து எடுக்கும்போதே, "எனக்கு ஒண்ணும் தெரியாது, நீயே திற" என்று தள்ளி நின்றுகொண்டார்.

தகட்டைக் கழற்றினேன். மோசமான வேலை. முதல் வருஷம் கற்றுக்கொள்கிறவர்கள்கூட இவ்வளவு மோசமாகச் செய்யமாட்டார்கள். ஓரம் வளைந்திருக்கிறது, நடுவில் பள்ளம், சாவி இரண்டாம் லீவரில் இடிக்கிறது. கீறல் ஒவ்வொன்றும் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஒன்றிரண்டு என்றால் தற்செயல் எனலாம். நான் எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினாறு. எல்லாம் இடது.

நான் மறுபடி மறுபடி எண்ணுவதைப் பார்த்து, பார்த்து என்று எழுதிவிட்டேன், உணர்ந்து, அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். கட்டைவிரலால் தகட்டை மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினாள். "இந்தத் தடவை இடது கையில போட்டிருக்கான்" என்றாள்.

அப்போ இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் என்று கேட்டேன். "கடைசியா வந்த அஞ்சும் வலது கை. எனக்குக் கண்ணுதான் போச்சு, விரல் மரத்தா போச்சு? முப்பது வருஷம் உங்க அப்பாவோட உக்காந்து ராவினவ நான்" என்றாள். நான்காம் வருஷப் பூட்டைத் தொட்டபோதே தெரிந்துவிட்டதாம். அந்த வருஷம் மழை முடிந்து ஒருநாள் தலைவலி என்று பட்டறைக்கு வராமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் டீ போட்டு வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அது என்ன தலைவலி என்று நேற்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஏம்மா என்கிட்ட சொல்லலை என்று கேட்டேன். "நீ ஒவ்வொரு தபாலுக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டுவியே. என்னை ஏமாத்தறதுல உனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அதைக் கெடுப்பானேன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அதுவுமில்லாம அந்தப் பையன் கடுதாசி நல்லா இருந்தது. என் சொந்தப் புள்ளை எனக்கு என்னைக்கு ரெண்டு பக்கம் எழுதினான்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை. மாமா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

தாளில் கையெழுத்துப் போடுவது பற்றி அம்மாவிடம் சொன்னேன். அந்த மூன்று வரியையும் படித்துக் காட்டினேன். நீயே முடிவு பண்ணு என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். "பேனாவை எடுத்துட்டுப் போ, அவங்க ஆபீஸ் பேனா எழுதாது" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இனி ஏற்பாடு. வாசல் திறக்கும் முதல் நாளே வா. கடைசி நாள் வரை காத்திருக்காதே, அப்போது எழுத்தர் மாறுவார் என்கிறார் மாமா. புதியவர் கொஞ்சம் சுறுசுறுப்பானவராம். வெளியே வந்ததும் இடது பக்கம் தராசு இருக்கும், அதன் பக்கத்தில் நான் நிற்பேன். பச்சைத் துணி கட்டியிருப்பேன். அம்மா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருப்பாள். அம்மாவை நேராகப் பார்த்துப் போய்விடாதே, முதலில் எழுத்தரிடம் போ. அரத்தைக் கொடுத்தால் அவசரப்படாதே. வலது கால் முன்னால். பூட்டு செய்யச் சொல்லமாட்டார்கள், சாவியில் இரண்டு பல் போதும். மோசமாக வந்தால் கவலை இல்லை. ஒன்பது வருஷத்தில் வேலை மறந்துவிட்டது என்று நானே திட்டிவிடுகிறேன். எழுத்தருக்கு அதில் சந்தேகம் வராது. இந்தத் தெருவில் அவனை நான் திட்டாத நாள் இருந்ததில்லை.

மாடி அறையைச் சுத்தம் செய்திருக்கிறேன். ஜன்னல் மேற்கே திறக்கும். நீ கிழக்கைப் பார்த்துப் படுக்க வேண்டியிருக்காது. அந்த அறையில் முன்பு இருந்தவனுடைய சட்டைகள் அலமாரியில் இருக்கின்றன. போட்டுக்கொள்ள வேண்டும் என்றில்லை, வேண்டாம் என்றும் இல்லை. இங்கே சாயங்காலத்தில் மணி அடிப்பதில்லை. எண்ண யாரும் வரமாட்டார்கள். ஆரம்பத்தில் தூக்கம் வராது என்று நினைக்கிறேன்.

இங்கே வீட்டுக்குள் நாங்கள் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதை நீ வந்து சொல். வெளியே அந்தப் பெயர், வேறு வழியில்லை. உள்ளே உனக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். அவசரமில்லை.

உனக்கு முன்னால் அந்தக் கட்டிலில் இருந்தவனைப் பற்றி உனக்குத் தெரிந்தது எதுவானாலும், பக்கத்துக் கட்டில்காரர் சொன்னதானாலும், தாளில் எழுதாதே. வந்து சொல். இங்கே நாங்கள் பேசுவதை யாரும் பிரித்துப் படிக்கமாட்டார்கள். அம்மாவும் நானும் கேட்டுக்கொள்வோம்.

உப்பு அனுப்பவில்லை. இங்கே வந்து சாப்பிடு.

கடிதத்தை முடிக்கும்போது அம்மா ஒன்று சேர்க்கச் சொன்னாள். அப்பாவின் பழைய அரம் ஒன்றை அவன் போகும்போது எடுத்துக்கொண்டு போனான். மரப்பிடியில் இடது கட்டைவிரல் பட்டுப் பட்டுக் குழி விழுந்திருக்கும். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அந்த அரம் கையில கிடைச்சா எடுத்துட்டு வரச் சொல்லு. கிடைக்கலைன்னா அதைத் தேடிக்கிட்டு நிக்க வேண்டாம். வாசல் மூடறதுக்குள்ள புள்ளையைக் கிளம்பி வரச் சொல்லு."

தராசுப் பக்கத்தில் நிற்கப்போகும்
உன் அக்கா